கழற்றிய பிறகும் ஒட்டிக்கொண்ட சான்றிதழ்

திட்ட மேலாளர் மருதாசலத்துக்குப் பதவி உயர்வு வேண்டுமானால், இரண்டு சான்றிதழ்களில் ஒன்றைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாக வேண்டும். எதை ஒட்டுகிறாரோ அதன் முறைப்படியே ஆள் நடக்க ஆரம்பித்துவிடுவார். நிரந்தரமாக ஒட்டியதை ஆயுசுக்கும் எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம். தேர்வுப் படிவத்தில் மனைவிதான் டிக் அடிக்க வேண்டும். கூட வாழப்போகிறவள் அவள்தானே.

முதல் சான்றிதழ் வாரத்தில் ரசத்துக்குக்கூட அட்டவணை இருந்தது. எல்லாம் நேரத்துக்கு, அளவு பிசகாமல் நடந்தது. மனைவி பூங்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது சான்றிதழ் வாரத்தில் ஒரு வேலையும் முடியவில்லை. ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு மருதாசலம் சமையலறையில் நின்றபடியே கூட்டம் போட்டார்.

"நேத்து என்ன செஞ்சே? இன்னைக்கு என்ன செய்யப் போறே? ஏதாச்சும் தடை இருக்குதா?"

மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "இந்தச் சுவர்த் தட்டுதானுங்க தடை. இருபத்திரண்டு வருசமா ஸ்டூல் மேல ஏறித்தான் பருப்பு டப்பா எடுக்கறேன்!"

அவர் அதை மஞ்சள் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சான்றிதழையும் கழற்றிவிட்டார்கள். திங்கள் காலை ஏழு மணிக்கு மருதாசலம் வழக்கம்போலச் சமையலறையில் வந்து நின்றார்.

"அதைத்தான் கழட்டியாச்சே, அப்புறம் எதுக்குங்க கூட்டம்?"

"கூட்டமில்ல. தட்டு இன்னும் மேலதானே இருக்குது?" கையில் டிரில் இருந்தது.

தட்டு கீழே இறங்கியது, கொஞ்சம் கோணலாக.

பூங்கொடி ஸ்டூலில் உட்கார்ந்து முதல் சான்றிதழுக்கு டிக் அடித்தாள்.

"அதுவா? பல்லைக் கடிச்சியே!"

"அடுத்த தட்டாவது நேரா வரட்டுமுங்க. ரெண்டாவதுதான் கழட்டின பிறகும் உங்களுக்கு ஒட்டிக்கிச்சே."