சேவலின் வால்

என் மனைவி உடைந்த பீங்கான் சில்லுகளை ஒட்டிச் சிற்பம் செய்கிறாள். வேண்டுமென்றே எதையும் உடைக்க மாட்டாள். தானாக உடைந்ததுதான் வேண்டும். அந்த விஷயத்தில் நான் அவளுக்குப் பெரிய ஒத்தாசை.

இப்போது ஒரு சேவல். கொண்டைக்கு ஏதோ கோப்பையின் சிவப்புக் கைப்பிடியைப் போன வாரமே ஒட்டிவிட்டாள். அக்கம்பக்கத்தார் தந்த சில்லு மூட்டையில் கிடைத்ததாம்.

நேற்று என் சிவப்புக் கோப்பை கைநழுவி விழுந்தது. பெருக்கிப் பொறுக்கினால் எல்லாம் இருக்கிறது, கைப்பிடியைக் காணோம். அதைப் பிடித்துத்தான் அதுவரை டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அதுதான் சேவல் தலையில இருக்கே," என்றாள் மனைவி, பசையைக் கலக்கியபடி.

"அப்ப போன வாரமே உடைஞ்சதுதான். என்மேல தப்பில்ல."

இன்று மச்சினி ஒரு புதுப் பூஜாடி கொண்டுவந்தாள். கீறல்கூட இல்லை. அதில் ஒரு பச்சைத் தும்பி.

"நானே வரைஞ்சது மாமா. வேற எங்கயும் கிடைக்காது."

நானும் மனைவியும் சேவலைத் திரும்பிப் பார்த்தோம். வாலில், பசை காய்ந்த சில்லொன்றில், அதே தும்பியின் ஒற்றை இறக்கை.

மச்சினி ஜாடியை அலமாரி உச்சியில் வைக்கப் போனாள். மனைவி அதைப் பதமாக வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வைங்க. வால் இன்னும் முடியல."