சூசையின் குரல்

கடலில் மூழ்கி இறந்த கணவன் சூசை, ஒரு வருஷம் கழித்து ஜெசிந்தாவின் ஃபோனில் வந்து பேசினான். "பாப்பாவுக்குத் தட்டம்மை ஊசி போடாத, ஜெசி. போட்டா பேச்சு வராமப் போயிரும்."

யாரோ ஏஐ வைத்துச் செய்த போலி வீடியோ அது; ஊரில் எல்லா வீட்டுக்கும் செத்துப்போனவர்களின் முகத்தோடும் குரலோடும்தான் அந்தப் பொய் வந்துகொண்டிருந்தது. பொய்யென்று தெரிந்தும் அந்தக் குரலை மீற மனம் வராமல், அவள் இரண்டு முறை தடுப்பூசி முகாம் வாசலிலிருந்து திரும்பிவிட்டாள். அடுத்த தெருவில் ஒரு குழந்தை தட்டம்மையில் இறந்த அன்று, மகளைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் அமலியிடம் ஓடினாள்.

ஊசி போட்டு முடித்ததும் நர்ஸ், "அந்த வீடியோவ அழிச்சிரவாம்மா?" என்று கை நீட்டினாள்.

ஜெசிந்தா ஃபோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சிஸ்டர். சொல்றதெல்லாம் பொய்தான். ஆனா எங்கிட்ட அவுக குரலு வேற இல்ல."