பக்கத்துப் பண்ணையின் கொடி

பக்கத்துப் பண்ணை வீட்டுப் படியில் மஞ்சள் சேலையோடு நிற்கிறாள் கிருபாமலர். கையில், இப்போதுதான் வெட்டிய பட்டர் கேக். பார்லி வயல்மேல் காலை வெயில் மெல்லப் பரவுகிறது. இந்த டேனிஷ் சிற்றூரில் பிறந்தநாளுக்கு முற்றத்தில் கொடி ஏற்றுவார்கள் என்பது, அகதியாக வந்த எட்டு மாதத்தில் அவள் கற்றுக்கொண்டது. இன்று காலை இங்கே கொடியைக் கண்டதும் பிறந்தநாள் என்று எண்ணித்தான் வந்திருக்கிறார்கள். இந்த வீட்டுக் கிழவர் நீல்ஸ்தான் மாரிக் குளிரில் அவர்களுக்கு விறகு கொண்டுவந்து இறக்கியவர்.

"இஞ்சரப்பா, கொடி பாதியிலையெல்லோ நிக்குது?"

"கயிறு சிக்கியிருக்கும். கிழவன் இந்த வயதிலை ஏறியே எடுக்கிறது? நீ கேக்கைக் கவிழ்க்காமல் பிடி" என்று சிரிக்கிறான் கணவன் தேவநாயகம்.

கதவு திறக்கிறது. பாடமாக்கிய டேனிஷ் வாழ்த்தை அவள் உரத்துச் சொல்லி முடித்த பிறகுதான், நீல்ஸின் மனைவி கிர்ஸ்டனின் கறுப்பு உடுப்பு கண்ணில் படுகிறது. உள்ளே கறுப்பு உடுப்பில் ஏழெட்டுப் பேர் சத்தமில்லாமல் கோப்பி குடிக்கிறார்கள்.

"இன்றைக்கு நீல்ஸை அடக்கம் செய்கிறோம்" என்கிறார் கிர்ஸ்டன், அவர்களுக்கு விளங்கட்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

ஐந்து நாளாக இது சாவு வீடு. அழுகுரல் கேட்காததால் அயலில் இருந்தும் தெரியவில்லை. கிருபாமலருக்கு முகம் எரிகிறது. டேனிஷ் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, மன்னியுங்கோ" என்று தமிழில்தான் வருகிறது. கிர்ஸ்டன் கேக் தட்டை வாங்கி வாசல் மேசையில் வைத்துவிட்டு, அவள் கன்னத்தைத் தடவுகிறார். துக்கத்தில் இருப்பவரே தன்னைத் தேற்றுவதைத் தாங்க முடியாமல், கிருபாமலர் தலையைக் குனிந்துகொள்கிறாள். கிர்ஸ்டன் அவள் கையை விடாமல் உள்ளே கூட்டிப்போய், தன் பக்கத்துக் கதிரையில் இருத்துகிறார்.