மாவு பிசையும் மெஷின்

“பரோட்டாவுக்குத்தான், அத்தை” என்று வித்யா முந்திக்கொண்டு சொன்னாள்.

வருங்கால மாமியார் ஆவுடையாள் ஆச்சி நம்பியதாகத் தெரியவில்லை. இடுப்பில் கைவைத்தபடி மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “வீட்ல நாம நாலே பேரு. இதுல ஒரு தடவ பிசைஞ்சா, ராயவரமே பந்தியில ஒக்காரலாம் போலயே!”

கூடியிருந்த சொந்தக்காரப் பெண்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் வித்யாவும் சிரித்தாள்.

மறுநாள் கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை, வெள்ளிக் குத்துவிளக்கிலிருந்து ஜல்லிக்கரண்டிவரை ஹால் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த ஆச்சி, சரியாக அந்த மெஷின் முன்னால் வந்துதானா நிற்க வேண்டும்?

அது பேக்கரியில் மாவு பிசைகிற மெஷின்தான். ஆனால் வித்யா பிசையப் போவது களிமண். கெட்டி மண்ணுக்கும் திணறாமல் மெதுவாகச் சுற்றும் மோட்டாராகப் பார்த்து, திருச்சியில் கடை கடையாக ஏறி வாங்கியது. புதுக்கோட்டையில் அவள் சக்கரத்தில் வனைந்த கோப்பைகளுக்குச் சென்னையிலிருந்துகூட ஆர்டர் வந்துகொண்டிருந்தது.

“மண்ணு வேலையெல்லாம் கல்யாணத்தோட விட்டுறணும். நம்ம வீட்டுக்குச் சரிப்படாது” என்று, பேசி முடித்த அன்றே மாமனார் சொக்கு சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ராம்நாத்தை வித்யாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தலையாட்டிவிட்டாள்.

ஆட்டின தலைதான், சமையல் சாமான் என்ற பெயரில் மெஷின்களைக் கடத்தவும் யோசித்தது. சக்கரத்தை மட்டும் எந்தச் சமையல் சாமானாகவும் சொல்லி ஏமாற்ற முடியவில்லை. கண் கலங்க, தோழி ரஞ்சிதாவிடம் கொடுத்துவிட்டாள்.

ஆச்சி அடுத்த மெஷினைத் தூக்கினார். “இதென்ன, செவுத்துல ஓட்டை போடுற மெஷினா? நுனியில விசிறி மாட்டியிருக்கு?”

மண்பாண்டத்துக்குப் பளபளப்புத் தரும் கிளேஸை வாளியில் கலக்குகிற மெஷின் அது. “மோர் கடைய, அத்தை.”

“நாங்க பாக்கெட் மோருல்ல வாங்குறோம்!”

மறுபடி சிரிப்பு. அம்மா மீனாக்ஷி பின்னாலிருந்து வித்யாவின் இடுப்பைக் கிள்ளினாள். பேசாம இரேன்டி என்று அர்த்தம்.

ஆச்சி, கிளேஸ் சலிக்கிற சல்லடையை எடுத்து, அதன் கண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எண்பதாம் நம்பரா?”

“ஆமா அத்தை, எண்பது. மாவு சலிக்க.”

“ம்” என்று ஆச்சி அதைக் கீழே வைத்தார்.

“ஆவுடையா! அங்கிட்டு என்ன இம்புட்டு நேரம்? என்ன மெஷின் அது?” வாசல் பக்கமிருந்து மாமனாரின் குரல்.

வித்யா மெஷினை மறைத்தபடி நகர்ந்து நின்றாள். ஆச்சி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

“மாவு மெஷினுங்க! சரியான கனம். அடுப்படியில எடம் பத்தாது. மாடியில மூலை ரூம்ல போட்டுருவோம்!”

“எங்கிட்டாவது போடுங்க. முட்டி வலியில நான் மாடி ஏறியே பல வருசமாச்சு.”

வித்யா மெல்லக் கேட்டாள். “அந்த ரூமு… தெறந்திருக்குமா, அத்தை?”

“எப்பவும் பூட்டித்தான் கெடக்கும். சாவி எங்கிட்ட.” ஆச்சி இடுப்புச் சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினார்.

அவ்வளவுதான். சக்கரமும் போச்சு, மெஷினும் போச்சு. வித்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

கலைந்திருந்த மல்லிகைச் சரத்தைச் சரி செய்கிற சாக்கில், ஆச்சி அவள் காதருகே குனிந்தார்.

“என் சக்கரமும் அங்கதான் இருக்கு.”