புடவையில் விழுந்த அலை

அடுப்பில் பால் வைத்திருக்கிறீர்களா? இருக்கட்டும், இப்படிக் கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அது பொங்குவதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடுகிறேன்.

"அசையாத பவளம்! முந்தானைய இன்னும் கொஞ்சம் விரி."

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் தண்டபாணியின் போட்டோ ஸ்டுடியோ. காவாந்தண்டலத்தில் அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் ஒரே ஒரு கேமரா வாங்கப் போகிறான். பஸ் உயரத்துக்கு வைக்கிற பேனர் படமெல்லாம் இனி நீயே எடு என்று காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்று சொல்லியிருந்தது. அவனிடம் இருந்த சின்ன கேமராவில் எடுத்து அவ்வளவு பெரிதாக்கினால், ஜரிகை மஞ்சள் சேறு மாதிரி கலங்கிப் போகிறது.

சென்னையிலிருந்து இரண்டு கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். சூர்யா கொண்டுவந்தது சாம்பல் பெட்டி, பிரகாஷ் கொண்டுவந்தது கறுப்புப் பெட்டி. இரண்டிலும் செங்கல் கனத்தில் ஒரு டிஜிட்டல் கேமரா. இதன் லென்ஸ் அதில் சேராது, அதன் லென்ஸ் இதில் சேராது. எதை எடுக்கிறானோ, ஆயுசுக்கும் அதோடுதான். தப்பாக எடுத்தால் நிலமும் போச்சு, கடை வேலையும் போச்சு. காலையிலிருந்து அவன் நாஷ்டாவைத் தொடவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு பட்டுப்புடவை வேண்டுமே! கல்யாணத்துக்கு அவன் வாங்கித் தந்த கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு மனைவி பவளமே வந்து விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மடிப்பைச் சரிசெய்யப் போன சூர்யாவைத் தண்டபாணி தடுத்தான்.

"பாத்துப்பா, மேல கை படக்கூடாது. மூணு மாசம் சொல்லிவெச்சு கைத்தறில போட்டது. ஐயங்கார்கொளத்துல தறி போட்டுகினு கீறாரே இவங்க நைனா, என் மாமனாரு, அவரையே தொட வுட மாட்டா. ஒம்பது வருசமா பொட்டில வெச்சுப் பூட்டிகினு கீறா. நான் குடுத்த பொடவை மேல அவ்ளோ ஆசை!"

பவளம் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

முதலில் சூர்யாவின் கேமரா. கம்ப்யூட்டரில் படம் பளிச்சென்று வந்தது. பெரிதாக்கியபோது மட்டும் இழைகள் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன.

அடுத்தது பிரகாஷ். பெரிதாக்க ஆக்க, இழையை எண்ணிவிடலாம் போல இருந்தது. "அடேயப்பா!" என்ற தண்டபாணி வாயை மூடவில்லை, அதற்குள் புடவையின் உடல் பகுதி முழுக்க சிவப்பும் பச்சையுமாக அலை அலையாய்க் கோடுகள் தெரிந்தன. மழைத் தண்ணீரில் டீசல் சிந்தினாற்போல்.

"இன்னாய்யா இது?"

"நான்தான் சொன்னேனே சார்," சூர்யா சிரித்தான். "அவங்க கேமரா பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆகும். பட்டுக்கு ஆகாது."

பிரகாஷ் தள்ளி நின்று எடுத்தான், கிட்டப் போய் எடுத்தான், லென்ஸை மாற்றி எடுத்தான். அலை போகவில்லை. திரையைப் பார்த்தான், புடவையைப் பார்த்தான். பிறகு தண்டபாணியின் காதோரம் குனிந்து என்னவோ முணுமுணுத்தான்.

தண்டபாணிக்குக் குப்பென்று வேர்த்தது.

"கட்டு. உன் பெட்டிய கட்டு."

"சார், ஒரு நிமிஷம்..."

"கட்டுன்னா கட்டேன்! எனக்கு சாம்பல் பெட்டியே போதும்."

பவளம் எழுந்து வந்தாள். "இன்னாங்க, அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. கேமரால கோளாறு."

"இழை இழையா இதுலதான தெரியுது? அதுல மாவு கரைச்சா மாதிரி கீது. நெலத்த வித்துட்டு மாவையா வாங்குவீங்க?"

"உனுக்கு இன்னா தெரியும்? பேஜார் பண்ணாத. போய் பொடவைய மாத்து!"

அவள் உள்ளே போனாள். சூர்யா ஆர்டர் தாளை நீட்டினான். தண்டபாணி கையெழுத்துப் போடக் குனிந்தான்.

"தம்பி, இத ஒரு படம் எடுங்க."

வேறு புடவையில் பவளம் நின்றிருந்தாள். "எங்க நைனா கையால நெய்ஞ்சது. பையிலயே எடுத்துகினு வந்தேன்."

"வேணாம் பவளம், நேரமாவுது," என்று தண்டபாணி பாய்வதற்குள் பிரகாஷ் எடுத்துவிட்டான்.

திரையில் இழை இழையாகப் பட்டு தெரிந்தது. அலை ஒன்றுகூட இல்லை.

"ஏதோ தில்லாலங்கடி பண்ணிட்டான் சார்," என்றான் சூர்யா. "கோளாறு பிடிச்ச கேமராவ நம்பாதீங்க."

பிரகாஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கேமரால எந்தக் கோளாறும் இல்ல! கை நெசவுல இழை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அலை வராது. மொதப் புடவை மெஷின் தறி, இழை எல்லாம் ஒரே அளவா நின்னு, கேமரா உள்ள இருக்கிற கட்டத்தோட மோதுது. அதான்..." பவளத்தின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க சார்."

தண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"பவளம்... அன்னிக்கு என் கைல இருந்ததுக்கு அதான் கெடச்சுது. சபைல அத்தன பேர் கேட்டாங்க, வாய் தவறி கைத்தறின்னு..."

பவளம் சூர்யாவின் தாளை மடித்து அவனிடமே கொடுத்தாள். "கறுப்புப் பெட்டியவே எடுங்க," என்றாள் கணவனிடம். பிறகு கூறைப்புடவையை மடியில் போட்டு, முந்தானையை விரலால் நீவினாள்.

"தட்டுல வாங்கினப்பவே என் வெரலு சொல்லிடுச்சுங்க. எங்க நைனா வெரலும் சொல்லிடுமேன்னுதான், ஒம்பது வருசமா அவர இத தொடவே வுடல!"

அதோ, பால் பொங்குகிறது பாருங்கள், ஓடிப்போய் இறக்குங்கள். உங்கள் வீட்டுப் பால் சட்டி என்றைக்கும் வற்றாமல், அதைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கிறவர்கள் ஒருவரும் குறையாமல், எல்லாரும் நன்றாக இருங்கள் கண்ணுகளா.