ஒற்றைக் குரலில் பிறந்தநாள் பாட்டு

மிசிசிப்பி நெடுஞ்சாலையோர உணவகத்தின் கண்ணாடியில் மத்தியான மழை வழிகிறது. கூட்டம் இல்லையென்று பரிமாறும் பெண்களை முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிஞ்சியவள் ட்வைலா மட்டும். மணிக்கு அவர் தரும் இரண்டு டாலர் சொச்சத்தை நம்பி இங்கே எவளும் வேலைக்கு வருவதில்லை, மேசையில் விழும் டிப்ஸ்தான் சம்பளம். இன்றைக்கு அது விழ இருப்பது ஒரே மேசையில். அதில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆர்வில் கிழவருக்குப் பிறந்தநாளாம். பரிமாறுபவர்கள் எல்லோரும் சூழ்ந்து நின்று பாடவேண்டிய பாட்டை, பிறந்தநாள்காரர்களுக்கு உணவகம் தரும் இலவசக் கேக் துண்டில் மெழுகுவர்த்தி செருகிவைத்து, அவள் ஒருத்தியே கைதட்டிப் பாடுகிறாள். குரல் காலி நாற்காலிகளில் மோதித் திரும்புகிறது. உதட்டுச் சிரிப்பு மட்டும் குறையவில்லை. பாட்டு முடிந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, “இன்னிக்கு என் பொறந்தநாள் இல்லம்மா” என்கிறார். “தெரியும் சார். போன மாசமும் ஒண்ணு கொண்டாடுனீங்களே. வருஷத்துக்கு எத்தனை தடவைதான் பொறப்பீங்க?” அவர் சிரிக்கிறார். மெழுகு உருகிக் கேக்கின் மேல் சொட்டுகிறது. “ஊதுங்க சார், அப்புறம் திங்க முடியாது.” “ஊதுனா நீ போயிடுவியே.” ட்வைலா காலி மேசைகளை ஒரு சுற்றுப் பார்க்கிறாள். உதட்டிலிருந்த சிரிப்பு இப்போதுதான் இறங்குகிறது. “நான் எங்க சார் போகப்போறேன்?”