'பார்க்கலாம்' செல்லாது

"முடியாது."

இதைச் சொன்னபோது நாத்தனார் தையல் மெஷினை நிறுத்தக்கூட இல்லை. கால் அதுபாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தது.

எதிரே நின்ற தம்பி பெண்டாட்டி கேட்டது பொன்னோ பொருளோ இல்லை. ஊரில் தனியாகக் கிடக்கும் தன் அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாமா என்றுதான். அந்த ஒற்றை வார்த்தை, அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்த போனில் பதிவாகி, மறுநாள் மதியத்துக்குள் பதினேழாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

போனுக்கு அங்கே என்ன வேலை என்றால், அது ஒரு சேலஞ்ச்.

தம்பி பெண்டாட்டி, மூக்குக்கண்ணாடிக்கடைப் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். கடையில் அவளுக்குப் பேரே 'சரிங்க'. யார் என்ன சொன்னாலும் 'சரிங்க' என்பாள். தனக்கென்று எதையும் யாரிடமும் கேட்கமாட்டாள். கேட்டு, இல்லையென்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம் சின்ன வயசிலிருந்தே உண்டு.

அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்து நாலு மாதம் ஆகிறது. மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில், பக்கத்து வீட்டுக்காரி புண்ணியத்தில் சாப்பாடு நடக்கிறது. இங்கே வீடு நாத்தனாருடையது. தாயில்லாத தம்பியைத் துணி தைத்துத் தைத்தே ஆளாக்கியவள். அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. புருஷனைக் கேட்கச் சொன்னால், அக்கா முன்னால் தனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், நீயே கேளு என்று நழுவிவிட்டான். நல்ல ஜோடிப் பொருத்தம்.

அப்போதுதான் அந்த சேலஞ்ச் கண்ணில் பட்டது. தினம் ஒருவரிடம் ஏதாவது கேட்க வேண்டும். அவர் 'முடியாது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை வீடியோ எடுத்துப் போட வேண்டும். இருபத்தொரு 'முடியாது' சேர்ந்தால் பயம் ஓடிப்போகுமாம்.

கேட்பதுகூடப் பழகிவிட்டது. 'முடியாது'தான் கிடைக்கமாட்டேன் என்றது. முகத்துக்கு நேரே அதைச் சொல்ல நம் ஆட்களுக்கு எங்கே வாய் வருகிறது? செருப்புக்கடையில் ஒற்றைச் செருப்பு கேட்டாள். "பார்க்கலாம்" என்று உள்ளே போனவன் நிஜமாகவே தேட ஆரம்பித்துவிட்டான். பஸ் டிரைவரிடம் ஒரே ஒரு தடவை ஹாரன் அடிச்சுக்கட்டுமா என்றாள். அவர் நகர்ந்து இடம் விட்டார். பேங்க் மேனேஜர் நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டதற்கு, "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேங்க" என்றார், அதில் உட்கார்ந்திருந்த மேனேஜர்.

சேலஞ்ச் நடத்துகிறவர்கள் கறார். 'பார்க்கலாம்' செல்லாது, 'நாளைக்கு வாங்க' செல்லாது, 'கேட்டுச் சொல்றேன்' செல்லவே செல்லாது.

இருபது சேர்வதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஆனால் பயம் கொஞ்சம் விட்டிருந்தது. முடியாது என்று கேட்டு யாரும் செத்துப்போவதில்லை என்று தெரிந்துகொண்டாள். கடைசிக் கேள்வியை நாத்தனாருக்கு என்று எடுத்துவைத்திருந்தாள். போன் பக்கத்தில் இருந்தால் ஒரு தைரியம். மனசுக்குள் மட்டும், இது செல்லாமல் போகட்டும், ஒரு 'பார்க்கலாம்' வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

வந்தது 'முடியாது'.

வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடுதான் வீடியோவைப் போட்டாள். பார்த்தவர்கள் கீழே கல்நெஞ்சுக்காரி என்று எழுதினார்கள். இவளுக்கும் ஒரு காலம் வரும் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு ஹார்ட் போட்டாள். தைக்கக் கொடுத்த துணியைத் தெருக்காரிகள் இரண்டு பேர் திரும்ப வாங்கிப் போனார்கள். நாத்தனார் ஏன் என்று கேட்காமல் மடித்துக் கொடுத்தாள். அதைப் பார்த்தபோது, நன்றாக வேண்டும் என்றுகூட இவளுக்குத் தோன்றியது. நாத்தனாரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடையிலிருந்து திரும்பினால், தையலறையில் மெஷினைக் காணோம். அது கூடத்து மூலைக்குப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கட்டில். கட்டிலில், தலையணை மேல் கையை வைத்துக்கொண்டு, அம்மா.

காலையிலேயே உன் நாத்தனார் வந்து பெட்டியைக் கட்டச் சொன்னாள், இருவரும் மத்தியானமே வந்து இறங்கிவிட்டோம் என்றாள் அம்மா.

இவள் கூடத்துக்கு ஓடினாள். நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்கதானே முடியாதுன்னு..."

"ஆமா. உனக்கு இன்னும் ஒண்ணுதானே பாக்கி இருந்துச்சு? ரெண்டு மாசமா நீ தெருத்தெருவா அலைஞ்சதைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். நானும் பார்க்கலாம்னு சொன்னா செல்லாதுன்னுடுவாங்க. அதான் நல்லா கேக்கற மாதிரி சொன்னேன்."

அவளுக்குக் காது சுட்டது. வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தீர்களா என்று மெல்லக் கேட்டாள்.

"படிச்சேன். நீ ஹார்ட் போட்டதையும் பார்த்தேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"அது கிடக்கட்டும்" என்றாள் நாத்தனார். "போனை எடுத்து வெச்சதும் இன்னொரு தடவை நீ கேப்பேன்னு மூணு நாளா உன் வாயையே பார்த்துட்டு இருந்தேன். நீ கேக்கவே இல்லையே?"